சுவருக்கும் வேட்டிக்கும் மிளகுக்கொடிக்கும்: வெளிர் நீலக் குறிப்புகள்

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது வத்தல்மலை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் காபியும் மிளகும் விளையும் காடுகள். இப்படிப்பட்ட ஒரு மலை ஊரில் வெளிர் நீலத்துக்கு மூன்று வேலை உண்டு. சுண்ணாம்போடு கலந்து சுவரில் ஏறும். துவைத்த வெள்ளைத் துணியின் மஞ்சளை மறைக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்தாக மிளகுக்கொடியில் படியும். பார்வைக்கு மூன்றும் ஒரே நிறம். பொருள் மட்டும் வேறு வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் காசு வீணாகும், சில சமயம் உடம்புக்கும் ஆகாது. எந்த நீலம் எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும், இதைவிட மலிவான, இதைவிட அழகான நிறம் ஏழை வீட்டுக்கும் வசதியான வீட்டுக்கும் வேறு கிடையாது என்பது என் கருத்து.

1. சுண்ணாம்பில் கலக்கத் தூள் நீலம்தான் வாங்க வேண்டும். சொட்டு நீலம் வேண்டாம். சொட்டு நீலம் என்பது துணிக்கான சாயத் தண்ணீர். சுண்ணாம்பின் காரத்தையும் வெயிலையும் அது வெகுநாள் தாங்காது. சுவர் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். தூள் நீலம் அப்படி இல்லை. களிமண், சோடா உப்பு, கந்தகம், கரி இவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டு அரைத்த தூள் அது. கல்லுக்கு உள்ள உறுதி அதற்கு உண்டு. சுண்ணாம்பும் அதை ஒன்றும் செய்யாது, வெயிலும் செய்யாது.

2. இந்தத் தூள் நம் கைக்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டால், அதை வாரி இறைக்க மனம் வராது. ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலைகளில் வெட்டி எடுத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்துத்தான் ஒரு காலத்தில் இந்த நீலத்தைச் செய்தார்கள். அஜந்தா ஓவியங்களில் இருக்கும் நீலம் அந்தக் கல்தான். ஐரோப்பாவில் அது தங்கத்துக்கு நிகரான விலைக்குப் போனது. ஓவியர்கள் மாதாவின் மேலாடைக்கென்று அதை எடுத்து வைத்தார்கள். 1824இல் பிரான்சில், இதே நீலத்தைக் குறைந்த செலவில் செய்துகாட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள். ழான் பாப்டிஸ்ட் கிமே என்பவர் செய்துகாட்டி, 1828இல் பரிசைப் பெற்றார். அரசர்கள் மட்டுமே வாங்க முடிந்த நிறம், நூறு ஆண்டுக்குள் மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகத் தொங்கியது. ஒரு நிறம் இவ்வளவு தூரம் இறங்கி எல்லார் வீட்டுக்கும் வந்தது அபூர்வம்.

3. வாங்கிய தூள் சுண்ணாம்புக்குத் தாங்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் கெட்டியான சுண்ணாம்புத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளைக் கலக்கி, ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் நிறம் அப்படியே இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தால் அது பிரஷ்யன் நீலமோ அதைப் போன்ற வேறொன்றோ, சுவருக்கு உதவாது. இன்னொரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நிறம் மங்கி, அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் அது சரியான தூள் நீலம். அமிலம் பட்டால் கந்தகம் வாயுவாகக் கிளம்புவதால் வரும் வாடை அது. இதிலிருந்தே இன்னொன்றும் புரியும்: நீலம் அடித்த சுவரில் புளித்தண்ணீர், எலுமிச்சை, வினிகர் எது தெறித்தாலும் அந்த இடம் வெளுக்கும்.

4. கல் சுண்ணாம்பை நீற்றும்போது அவசரம் கூடாது. ஒரு கிலோ சுண்ணாம்புக் கல்லுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. டிரம்மில் முதலில் தண்ணீர், அதன்மேல் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும்; பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாத சுண்ணாம்பில் இருக்கும் குருணை, அடித்த பிறகும் சுவரிலேயே பொரிந்து சின்னச் சின்னக் குழியாக உதிரும்.

5. எவ்வளவு நீலம்? வெள்ளை பளிச்சென்று தெரிய, மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்பே கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலம் சேர்க்கச் சொல்கிறது. அது நீலச் சுவர் ஆகாது. மஞ்சள் தெரியாத வெள்ளைச் சுவர். வெளிர் நீலமாகவே தெரிய வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 கிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தூளை நேராக டிரம்மில் கொட்டக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் முடிந்து, சுண்ணாம்புக்குள் பிழிந்துவிட வேண்டும். பிழிந்தவுடன் டிரம்மின் நடுவில் கரு நீலமாக ஒரு சுருள் ஓடும். அது முழுவதும் கரைந்து, குச்சியைத் தூக்கினால் வழிகிற பால் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்கும்வரை கலக்குங்கள்.

6. ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்கு அடித்து, முழுவதும் காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் நிற்கும் வீட்டில் இதற்கு ஆலோசனையும் கிடைத்துவிடும். "போதும் கண்ணு, இதுக்கு மேல போட்டா பந்தல் துணி மாதிரி ஆயிடும்" என்று ஓர் ஆயா சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெளிர் நீலத்தில் கூடுதல்தான் ஆபத்து. குறைந்தால் இன்னொரு பூச்சு அடித்துக்கொள்ளலாம்.

7. ஒரு வீட்டுக்கு வேண்டிய முழு நீலச் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் அதே நிறம் வராது. நடுச்சுவரில் கோடு போட்டதுபோல் வித்தியாசம் தெரியும். வேறு வழியில்லை என்றால் புதுக்கலவையை ஒரு முழுச் சுவரின் மூலையிலிருந்து தொடங்குங்கள்.

8. ஒட்டுவதற்குக் கஞ்சி சேர்ப்பது சமவெளியில் சரி. மலையில் பனியும் மூடுபனியும் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். கஞ்சி அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். வஜ்ஜிரம் அல்லது கடையில் விற்கும் பசை அளவோடு போதும். மட்டையைத் தண்ணீரில் ஊற வைத்து, அடிக்கப்போகும் சுவரையும் முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். வறண்ட சுவரில் அடித்த சுண்ணாம்பு பிடிப்பில்லாமல் கையில் மாவாக ஒட்டும். மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிப்பது, தடிமனாக ஒரே முறை அடிப்பதைவிட எப்போதும் நீடிக்கும்.

9. மண்சுவர் வீட்டுக்கு எமல்ஷன் அடிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்காகப் பழைய வீட்டைச் "சீர்" செய்பவர்கள் முதலில் செய்யும் வேலை இதுதான். மண்சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் தடையில்லாமல் வெளியேறும். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். ஈரம் உள்ளேயே நின்று, முதலில் கொப்பளம் கிளம்பும், பிறகு தோல் உரியும், கடைசியில் சுவரின் மண்ணே தோலோடு சேர்ந்து உதிரும். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையையும் அண்டவிடாது. மண்சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. சிமெண்டு பூசிய சுவருக்குச் சுண்ணாம்போ எமல்ஷனோ உங்கள் விருப்பம். சிமெண்டு சுவரிலும், புதிதாகப் பூசியது என்றால் நன்றாகக் காயவிட்ட பிறகே பெயிண்ட்.

10. எந்த அறைக்கு வெளிர் நீலம்? சமவெளியில் தர்மபுரி வெயிலுக்கு எந்த அறைக்கும் அது குளிர்ச்சியாகப்படும். மலையில் கணக்கு வேறு. மார்கழியில் ஏற்கெனவே குளிரில் நடுங்கும் வீடு. வடக்குப் பார்த்த, ஜன்னல் சிறுத்த அறையில் வெளிர் நீலம் சாம்பலாகத் தெரியும், குளிரையும் கூட்டிக் காட்டும். அந்த அறைக்கு வெள்ளையோ இளமஞ்சளோ அடியுங்கள். காலை வெயில் விழும் கிழக்கு அறை, திண்ணைச் சுவர், வாசல் பக்கம் இவைதான் நீலத்துக்கு ஏற்ற இடம். விறகடுப்பு எரியும் சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். புகையின் மஞ்சள் நீலத்தின்மேல் படிந்தால் சுவர் அழுக்குப் பச்சையாகிவிடும்.

11. நீலச் சுவரின் அழகு பாதி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான். ரெட் ஆக்சைடு தரை, செம்மண் கரை, பலாமரக் கதவின் மஞ்சள், நாட்டு ஓட்டின் காவி: இவை அத்தனையும் வெளிர் நீலத்தோடு சேரும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிக் கரை கட்டினால், மழைத் தெறிப்பும் தெரியாது, நீலமும் எடுப்பாக நிற்கும். பளபளப்பான வெள்ளை டைல்ஸ் தரையின்மேல் அதே நீலம் ஆஸ்பத்திரி வார்டாகிவிடும். வெள்ளை எல்.இ.டி. விளக்கும் அதையே செய்யும். மஞ்சள் ஒளி தரும் பல்பு போட்டுப் பாருங்கள், இரவிலும் சுவர் இதமாக இருக்கும்.

12. கூரைக்கு அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தாழ்வான மச்சுக்கும் திண்ணைக்கு மேலுள்ள பலகைக்கும் வெளிர் நீலம் அடித்தால் உயரம் கூடியதுபோல் இருக்கும். அமெரிக்காவின் தெற்குக் கடற்கரை ஊர்களில், பேய் அண்டாது என்று நம்பித் திண்ணைக் கூரைக்கு இந்த நிறத்தை அடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் அது. மொராக்கோவின் செஃப்சாவன், ராஜஸ்தானின் ஜோத்பூர் என்று ஊரே நீலமாக இருக்கும் இடங்களும் உலகில் உண்டு. ஜோத்பூரில் நீலம் பிராமணர் வீட்டு அடையாளமாகத் தொடங்கியது என்கிறார்கள், கரையானுக்கு என்கிறார்கள், வெயிலுக்கு என்கிறார்கள். எல்லாக் காரணத்துக்கும் அடியில் இருப்பது சுண்ணாம்பும் நீலமும்தான்.

13. நீலச் சுவருக்குக் கொசு வராது என்பதை நம்பி வலையைக் கழற்றிவிடாதீர்கள். 2022இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெங்குக் கொசுவை வைத்துச் சோதித்தபோது, நம் மூச்சுக்காற்றின் வாடை பட்ட கொசு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தது. நீலத்தையும் வெள்ளையையும் கவனிக்கவில்லை. ஆனால் பச்சை கலந்த வெளிர் நீலத்தை நோக்கியும் அது பறந்தது. நீலம் கொசுவை விரட்டுவதாக அந்தச் சோதனை காட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியை மூடுவதும் வலை கட்டுவதும்தான் வழி.

14. அதே சமயம், ஒரு பூச்சிக்கு நீலம் என்றால் உயிர். மிளகாய், வெங்காயம், ரோஜாவை வாட்டும் இலைப்பேன் நீலத்தை நோக்கி ஓடும். பழைய நீல பிளாஸ்டிக் அட்டையை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, இரு பக்கமும் விளக்கெண்ணெயோ கிரீஸோ தடவி, செடியின் உச்சிக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிடுங்கள். ஒட்டிய பூச்சியைத் துடைத்துவிட்டு வாரம் ஒரு முறை மறுபடி தடவுங்கள். வெள்ளை ஈக்கு இது உதவாது. அதற்கு மஞ்சள் அட்டை.

15. இனி மிளகுக்கொடியின் நீலம். மிளகின் வாடல் நோய்க்கும் காபியின் இலைத்துரு நோய்க்கும் தெளிக்கும் போர்டோ கலவை, ஒரு திருட்டுப் பயத்தில் பிறந்தது. பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வைத்தார்கள். நஞ்சு என்று பார்த்தவர் ஒதுங்கிப் போகட்டும் என்று. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்டே, 1882இல் ஒன்றைக் கவனித்தார்: தோட்டம் முழுக்க இலைநோயில் கருகியபோது, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. சோதித்து, 1885இல் செய்முறையை வெளியிட்டார். இன்றும் மலைத்தோட்டங்களில் அதே கலவைதான்.

மிளகுக்கு ஒரு சதக் கலவை என்றால், ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு கிலோ சுண்ணாம்புக் கல்லைத் தனியாக 50 லிட்டரில் நீற்றி வடிகட்டுங்கள். மயில்துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். காபிக்கு அரை சதம் போதும். இரும்பு வாளி, அலுமினியப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக், மண், மரம் மட்டுமே. கலவை தயாரானதும் பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றைச் சிறிது நேரம் அதில் முக்கி எடுங்கள். கத்தியின்மேல் செம்பு படிந்து சிவப்பு மினுக்கினால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி முக்கிப் பாருங்கள். கத்தி கத்தியாகவே வந்தால் சரி. மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு முறை தெளித்துவிட வேண்டும். கலந்த அன்றே தெளித்து முடியுங்கள். மறுநாள் அதற்குப் பிடிப்பு இருக்காது.

16. போர்டோ கலவை மிஞ்சினால் சுவருக்கு அடித்துவிடலாம் என்று தோன்றும். நிறம் அப்படி ஈர்க்கும், வானத்தைப் பிழிந்து வைத்ததுபோல் இருக்கும். செய்யாதீர்கள். குழந்தை கை வைக்கும் இடத்திலும், தானியம் கொட்டும் இடத்திலும் செம்புச் சத்து நஞ்சு. மிஞ்சியதைத் தோட்டத்து மரங்களின் அடித்தண்டில் பூசுங்கள். தெளிப்பானை ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவக் கூடாது. மயில்துத்தம் மீனுக்கு எமன்.

17. துணிக்கு நீலம் போடுவது எதற்கு? வெள்ளை நூல் நாளாக நாளாக மஞ்சளாகும். மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, கண்ணுக்கு வெள்ளை தெரிகிறது. அழுக்கை எடுக்கும் வேலையை நீலம் செய்யாது. அதனால் அழுக்குப் போகத் துவைத்து, சோப்பு முழுக்க அலசிய பிறகு, கடைசித் தண்ணீரில்தான் நீலம். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, நீலத்தைக் கலக்கிவிட்டுத்தான் துணியை விட வேண்டும். துணி இருக்கும் வாளியில் சொட்டினால் திட்டு விழும். துணியை உதறிப் பிரித்துவிட்டு, உள்ளேயே ஊறப் போடாமல் உடனே முக்கி எடுத்துப் பிழியுங்கள். இப்போதைய சோப்புத்தூள் பலவற்றில் வெண்மை கூட்டும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. புது வேட்டிக்கு நீலமே தேவைப்படாது.

18. தூள் நீலம் திட்டாகப் படிந்துவிட்டால், மிதமான வினிகர்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும். சொட்டு நீலத் திட்டுக்கு இது பலிக்காது. வெறும் தண்ணீரில் பல முறை அலசுவதுதான் வழி. காயவைக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

19. பள்ளிக்கூடத்து வெளிர் நீலச் சட்டை நான்கு மாதத்தில் சாயம் போவதற்குப் பெரும்பாலும் வெயிலும் பிளீச்சிங் தூளுமே காரணம். உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். காலர் அழுக்குக்குச் சோப்பை நேராகத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் பிரஷ்ஷே தேவையில்லை.

20. அவுரிச் சாயம் ஏற்றிய வெளிர் நீலத் துணி கிடைத்தால் வாங்கிப் போற்றுங்கள். அவுரி நம் மண்ணின் செடி. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் பயிரிடுகிறார்கள். இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படிவதை எடுத்துக் காயவைத்தால் சாயக்கட்டி. அதைத் தொட்டியில் புளிக்கவைத்துத் துணியை முக்கி எடுக்கும்போது துணி நீலமாக வராது, மஞ்சள் பச்சையாக வரும். காற்றுப் படப் பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலமேறும். ஒரு முக்கு முக்கினால் வெளிர் நீலம். பலமுறை முக்கினால் கருநீலம்.

இந்தச் செடிக்குப் பின்னால் பெரும் கண்ணீரும் இருக்கிறது. வங்கத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நெல் விளையும் நிலத்தில் கட்டாயமாக அவுரி போடவைத்தார்கள். 1859இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். காந்தி 1917இல் பீகாரின் சம்பாரணுக்குப் போனதும் அவுரி விவசாயிகளுக்காகவே. அதற்கு முன்பே, 1897இல், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தை விற்கத் தொடங்கி, இந்திய அவுரியின் சந்தையைச் சரித்துவிட்டது. அவுரித் துணியை முதல் சில முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில் துவையுங்கள். சாயம் கொஞ்சம் கையில் ஒட்டும். அது போலி என்பதற்கு அடையாளம் இல்லை.

21. சங்குப்பூவின் நீலம் சாப்பாட்டுக்கு மட்டும். காம்பும் பச்சைப் பாகமும் நீக்கிய பத்துப் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு வடித்து, சோறு வேகும் தண்ணீரிலோ இடியாப்ப மாவிலோ சேர்த்தால் இளநீலம் கிடைக்கும். மலேசியாவில் நாசி கெராபு என்ற நீலச் சோற்றை இப்படித்தான் சமைக்கிறார்கள். எலுமிச்சை பட்டால் ஊதாவாக மாறும்; பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம். சுவருக்கும் துணிக்கும் இதைப் பயன்படுத்தினால் சில நாளில் வெளிறிப்போகும்.

22. பூஜையறைக்கும் படத்துக்கும் வெளிர் நீலம் இயல்பாகப் பொருந்துகிறது என்றால், கண்ணுக்குப் பழகிப்போனதும் ஒரு காரணம். கண்ணனையும் ராமனையும் வெளிர் நீல மேனியோடு நம் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தவை அச்சுப் படங்களும் காலண்டர்களும். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜுவின் சாமி படங்களைப் பார்க்காத தமிழ் வீடு அந்தத் தலைமுறையில் குறைவு. இன்னும் பழைய காலத்தில், சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களைப் பாடும் இடத்தில், ஆய் வள்ளல் தனக்கு நீல நாகம் தந்த ஆடையை ஆலின் கீழ் அமர்ந்த இறைவனுக்குக் கொடுத்த செய்தி வருகிறது. அதே பட்டியலில்தான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியனும் இருக்கிறான்; அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. விலை மதிக்க முடியாத கொடை என்று அன்று நினைத்த பொருள்களில் அந்த ஆடையும் ஒன்று.

நீலத்துக்கு இந்தக் காலம் கொடுத்த பொருளும் உண்டு. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். இன்று எந்த ஊர்ச் சுவரிலும் நீலக் கோட்டு அணிந்த அம்பேத்கரைப் பார்த்தாலே சொல்லவருவது புரியும். 1947இல் ஐக்கிய நாடுகள் சபை தன் கொடிக்கு வெளிர் நீலத்தை எடுத்துக்கொண்டது, போரின் சிவப்புக்கு நேரெதிரான நிறம் என்று. ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு என்பது மட்டும் கடைக்காரர்கள் பரப்பிய புது வழக்கம். தொட்டிலுக்கு உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடியுங்கள்.

23. தொட்டில், ஜன்னல், பழைய பெட்டி எதற்கும் எனாமல் பெயிண்ட் வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பழைய நீல எனாமலை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியில் வழித்து எடுங்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கும் நீலத்துக்கும் இதே கவனம் வேண்டும். மாடு ஒன்றையொன்று நக்கும் பிராணி.

24. பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் திட்டமிடுபவர்கள் கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். மலையில் காலை மூடுபனி விலகும்வரை பொறுத்து, மாலைப் பனி இறங்குவதற்குள் அன்றைய பூச்சை முடித்துவிட வேண்டும். ஈரப்பனியில் அடித்த சுண்ணாம்பு வெண்புள்ளி வைக்கும்.

25. மயில்துத்தத்தைப் பூட்டி வையுங்கள். அந்த நீலக் கட்டி பார்க்கக் கற்கண்டைப் போல இருக்கும். குழந்தை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. தின்பண்டம் வந்த டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பெயர் எழுதிய தனி டப்பாவில், கைக்கு எட்டாத உயரத்தில், சமையலறைக்கும் துணி துவைக்கும் நீலம் இருக்கும் இடத்துக்கும் வெகு தள்ளி இருக்கட்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108க்கு அழையுங்கள்; போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.